நிமிர்த்துகிறவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மோரிட்ஸ் ஷ்ரேபர் என்றொரு மருத்துவர் இருந்தார். பிள்ளைகள் கூன் விழாமல் வளர வேண்டும் என்பதில் அவருக்குத் தீராத அக்கறை. எழுதும்போது பிள்ளை முன்னால் சாய்ந்துவிடாமலிருக்க, மேசையில் திருகி மாட்டும் இரும்புச் சட்டம் ஒன்றை வடிவமைத்தார். தலை குனியாமலிருக்கத் தனியாக ஒரு வார். அதன் ஒரு முனையைப் பிள்ளையின் தலைமுடியிலும் மறுமுனையை உள்ளாடையிலும் மாட்டிவிட வேண்டும். தலை தாழ்ந்தால் முடி இழுபடும், வலிக்கும், பிள்ளை தானாக நிமிர்ந்துகொள்ளும். 1858இல் வெளியான குழந்தை வளர்ப்பு நூலில் இத்தகைய சாதனங்களை அவர் மிகுந்த நல்லெண்ணத்துடன் விளக்கியிருக்கிறார்.

அவருடைய மகன்களில் ஒருவரான டேனியல் பால் ஷ்ரேபர் நீதிபதியாக உயர்ந்தார். பிறகு மனநோய்க்கு ஆளாகி, மனநலக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1903இல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தன் தலையை நெருக்கிப் பிழியும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். அந்த நூலை வைத்து ஃப்ராய்ட் 1911இல் எழுதிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அப்பாவின் வாரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1973இல் மார்ட்டன் ஷாட்ஸ்மன் என்ற மனநல மருத்துவர் அப்பாவின் சட்டங்களையும் மகனின் பிரமைகளையும் முடிச்சுப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். அந்த முடிச்சு செல்லுமா செல்லாதா என்ற சண்டையில் எனக்கு வேலையில்லை. முடியில் மாட்டிய அந்த வாரை விட்டுத்தான் என்னால் நகர முடியவில்லை.

வார் எங்கும் போய்விடவில்லை. இணையக் கடைகளில் தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட்டாக வருகிறது. முதுகில் ஒட்டிக்கொண்டால் கூன் போடும்போதெல்லாம் அதிர்ந்து எச்சரிக்கும் சின்னக் கருவியாகவும் வருகிறது. வாங்கிய முதல் வாரம் ஆசையாகப் போட்டு, அடுத்த வாரம் அக்குளை அறுத்து, அதற்கடுத்த வாரம் அலமாரிக் கதவின் பின்னால் தொங்கும் பெல்ட்டுகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தசை செய்ய வேண்டிய வேலையைப் பெல்ட் செய்துகொண்டிருக்கும்வரை தசை எதையும் கற்றுக்கொள்ளாது. கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கே போகிறது.

நம் ஊரில் கழுத்து எப்போதுமே எலும்பும் தசையுமாக மட்டும் இருந்ததில்லை. வகுப்பில் வாத்தியார் ஸ்கேலால் முதுகில் தட்டி நிமிர்த்துவார். அதே பையனின் தாத்தா, பண்ணையார் வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றிருப்பார். நிமிர்ந்திருந்தால் அடி விழுந்திருக்கும். பெண்ணுக்கு இன்னும் மோசம். சம்பந்தம் பேச வந்தவர்கள் மெச்சிக்கொள்வதற்கென்றே ஒரு வாசகம் உண்டு: குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு. உடம்பு மாறும் வயதில் துப்பட்டாவுக்குள் தோளை முன்னால் குறுக்கிக்கொள்ளப் பழகும் பிள்ளையை யாரும் திருத்துவதில்லை, அது அடக்கம் என்று பெயர் வாங்கிவிடுகிறது. வகுப்பிலேயே உயரமானவளாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், குட்டையானவர்களோடு நின்று நின்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டே வளர்வாள். நாற்பது வயதில் கழுத்துவலி என்று அவள் போய் உட்கார்ந்தால், “ஏம்மா இப்படிக் கூன் போடறீங்க?” என்று டாக்டர் அதட்டுவார்.

எலும்புக் கணக்கு எளிமையானது. கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. மனிதனுக்கு அதன்மேல் ஏறக்குறைய ஐந்து கிலோ தலை. தலை தோள்களுக்கு நேர் மேலே இருக்கும்போது பிடரித் தசைகளுக்கு வேலை குறைவு. முன்னால் போகப் போக, அதை விழாமல் இழுத்து நிறுத்தும் பாடு கூடிக்கொண்டே போகும். இதை 2014இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் எண்களாக்கினார். 15 டிகிரி குனிந்தால் சுமார் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ. வரிசையாக ஐந்து மனித உருவங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குனிந்து, கழுத்துக்குப் பக்கத்தில் கிலோ போட்ட படம் வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். பிசியோதெரபி மையங்களின் சுவர்களில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அது கணினியில் போட்ட கணக்கு என்பதை எந்தச் சுவரும் சொல்வதில்லை. யாருடைய கழுத்திலும் கருவி வைத்து அளந்ததல்ல அது. அவ்வளவு பாரம் ஏறினால் வலி வருமா என்று அந்தக் கட்டுரை ஆராயவும் இல்லை.

ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பதினேழு வயதுப் பிள்ளைகள் 1,108 பேரைப் பக்கவாட்டில் படமெடுத்து, கழுத்தும் முதுகும் இருக்கும் விதத்தை வைத்து வகை பிரித்து, யாருக்கெல்லாம் கழுத்துவலியும் தலைவலியும் இருக்கின்றன என்று ஒப்பிட்டார்கள். 2016இல் முடிவு வந்தது. கூன் போட்டவர்களுக்கும் நேராக இருந்தவர்களுக்கும் வலியில் வித்தியாசம் தென்படவில்லை. பிரேசிலில் 18 முதல் 21 வயதுக்குட்பட்ட 150 பேர் கைப்பேசியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்த 2018ஆம் ஆண்டு ஆய்விலும் குனிவுக்கும் வலிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

கச்சிதமாக நிமிர்ந்த கழுத்து வேண்டுமென்றால், சும்மாடு வைத்துத் தண்ணீர்க் குடமோ செங்கல்லோ சுமந்து நடக்கும் பெண்களைத்தான் காட்ட வேண்டும். இடுப்புக்கு மேலே ஒரு அசைவு இருக்காது. ஆனால் தலைச்சுமை தூக்குகிறவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, சுமக்காதவர்களைவிட அவர்களுக்கே தேய்மானம் அதிகம் இருந்தது. நிமிர்ந்திருந்தும் தப்பிக்கவில்லை. குனிவதில் தனியாகக் குற்றமில்லை. ஒரே நிலையில், ஒரே சுமையோடு, மணிக்கணக்கில் உறைந்துபோவதில் தொந்தரவு தொடங்குகிறது. தூக்கம் கெட்டால், மனம் நெருக்கடியில் இருந்தால், அதே உறைவு இன்னும் சீக்கிரம் வலியாகிறது.

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவருக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருடைய மூக்குக்கும் ஊசிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கழுத்துவலிக்கு அவர் பார்க்காத வைத்தியமில்லை. ஒரு சமயம் காலையில் எழுந்ததும் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டதென்று அவர் மனைவி தலையணையை மொட்டைமாடி வெயிலில் போட்டார். உலக்கையைப் பிடரியில் உருட்டினார். நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில், தானே விலகக்கூடியது. அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தாலும் பலிக்கும். வெயிலில் காய்ந்த தலையணையும் பலிக்கும், கால் முன்னால் வரப் பிறந்தவர் வந்து மிதித்தாலும் பலிக்கும், ஆயிரம் ரூபாய் ஊசியும் பலிக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியத்துக்குப் போகிறோம், உச்சத்திலிருந்து அது இறங்கித்தானே ஆக வேண்டும். கழுத்து வைத்தியத்தில் இத்தனை பேர் கைராசிக்காரர்களாக இருப்பதன் ரகசியம் பாதிக்குமேல் இதுதான். தலையணையும் உலக்கையும் கெடுதல் செய்யாதவை என்பதால் எனக்கு அவற்றின்மேல் கோபமில்லை.

சலூன்மீது கோபமுண்டு. முடி வெட்டி முடித்ததும் கன்னத்தில் ஒரு கை, உச்சந்தலையில் ஒரு கை வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது. தையற்காரருக்கு அது மாதாமாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தமென்று பலரும் நம்புகிறார்கள். மூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று மாறும்போது வாயு உண்டாக்கும் ஒலி அது. கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு திரும்பவும் முறிக்கத் தோன்றும். கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. எதிர்பாராத வேகத்தில் திருப்பும்போது, அரிதாக, குழாயின் உட்சுவர் கிழிந்து ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும். திருப்பக்கூட வேண்டாம். அழகு நிலையத்தில் தலை அலச, கழுத்தைப் பின்னால் மடித்துத் தொட்டி விளிம்பில் வைத்ததால் மூளை பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி 1993இல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதினார். அரிதுதான். ஆனால் சும்மா கிடைக்கும் ஒரு சொடக்குக்காக அந்த அரிதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

சலூனுக்குப் பிறகு ஸ்கேன். “சி ஃபைவ் சி சிக்ஸ்ல வட்டு பிதுங்கியிருக்கு, எலும்பு தேஞ்சுபோச்சு” என்று சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து தையற்காரர் பஸ்ஸில் ஏறப் பயந்தார், பேத்தியைத் தூக்க மறுத்தார், யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்த்தே திரும்பினார். தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டால் கதவுக் கீல் மாதிரி இன்னும் அசைத்தால் இன்னும் தேயும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜப்பானில், கழுத்தில் எந்தப் புகாரும் இல்லாத 1,211 பேரை எம்ஆர்ஐ எடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு. தலை நரைப்பதைப் படமெடுத்துத் தலைவலிக்குக் காரணம் காட்டுகிற அபத்தம் பல ஸ்கேன் அறிக்கைகளில் நடக்கிறது. படம் பொய் சொல்வதில்லை. ஆனால் வலிக்கும் அதற்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர். அவருக்கு அன்று வரிசையில் இன்னும் அறுபது பேர்.

பிறகு காலர் வந்தது. எலும்பு முறிந்தவர்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் காலர் தேவைப்படும், அது வேறு கதை. மற்றவர்களுக்கு அது கழுத்தின் வேலையைப் பறித்துக்கொள்கிறது. கார் விபத்தில் கழுத்து உதறப்பட்டவர்களுக்குச் செய்யும் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த கனடாவின் கியூபெக் வல்லுநர் குழு, காலருக்குள் முடங்காமல் சீக்கிரம் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள் என்று 1995லேயே எழுதியது. தையற்காரர் நான்கு மாதம் காலரோடு தைத்தார். தாடை இடித்ததால் குனிய முடியாமல், இடுப்பிலிருந்து மொத்தமாக வளைந்து தைத்தார். முதுகும் வலிக்கத் தொடங்கியது.

கடைசியாக அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவு. துணைக்கு நானும் போயிருந்தேன். கரண்டு வைப்பார்கள், கழுத்தை இழுத்துத் தொங்கவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வந்து முதலில் கேட்டது, “என்ன வேலை பாக்கறீங்க ஐயா?”

எனக்குச் சட்டென்று ரமசினி நினைவுக்கு வந்தார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு தொழில் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்ன இத்தாலிய மருத்துவர். தொழில்களின் நோய்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1700இல் மோடெனாவில் அச்சானது. எழுத்தர்களைப் பற்றிச் சொல்லும்போது மூன்று காரணங்களைக் காட்டுவார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, கணக்குப் பிசகி முதலாளிக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்ற மன இறுக்கம். முன்னூறு ஆண்டுக்கு முந்தைய இந்தப் பட்டியலில் முதலாளியும் இருக்கிறார் என்பதை, கிலோக் கணக்குப் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் அடுத்ததாக, “ஊசில நூல் கோக்கறப்ப கை தடுமாறுதா? சட்டைப் பித்தான் போட முடியுதா? நடக்கறப்ப தள்ளாடுதா?” என்று கேட்டார். தடுமாறினால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும், அதற்குப் பயிற்சி உதவாது, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். காய்ச்சலோடு வரும் கழுத்துவலி, கீழே விழுந்தபின் வந்தது, ராத்திரியில் தூங்கவிடாதது, கை மரத்து பலம் குறைவது எல்லாம் அந்த வகை. இவருக்கு நூல் கோப்பதில் தடுமாற்றமில்லை. கண்தான் தெரியவில்லை என்றார். அதை அந்தப் பெண் குறித்துக்கொண்டார்.

படுக்க வைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மடித்துப் பிடரிக்குக் கீழே செருகி, காற்றடித்து முள்ளை 20இல் நிறுத்தினார். “தலையைத் தூக்காதீங்க. ஆமாம்னு மெதுவா தலையாட்டற மாதிரி தாடையை மட்டும் இறக்குங்க. முள்ளு 22க்கு வரணும், அங்கேயே நிக்கணும்.” தையற்காரர் ஆட்டினார். முள் 34க்குப் பாய்ந்தது. கழுத்தின் இரு பக்கமும் காதிலிருந்து காறையெலும்புவரை நரம்பு போலப் புடைத்துக்கொண்டது. “வெளித்தசைதான் வேலை செய்யுது. உள்ள இருக்கறது தூங்குது” என்றார் அந்தப் பெண். எலும்பை ஒட்டி, தொண்டைக்குப் பின்னால் சன்னமாக ஓடும் தசைகள் அவை. கழுத்துவலிக்காரர்களிடம் அவை பலவீனப்பட்டிருப்பதை இந்தச் சோதனையின் மூலம் காட்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வெண்டலன் ஜல். பத்தாவது தடவையில் முள் 24இல் நடுங்கி நின்றது. தையற்காரர் முகத்தில் வேர்வை.

வலிக்கிற பிடரியை அவர் தினமும் முன்னால் மடக்கி இழுத்துக்கொண்டிருந்தார், யாரோ செய்யச் சொன்ன நீட்டல் பயிற்சி. அதை நிறுத்தச் சொன்னார் அந்தப் பெண். நாளெல்லாம் இழுபட்டுக் கிடக்கும் தசையை மேலும் இழுத்து என்ன பயன்? இறுகியிருப்பது மார்பும் தோளின் முன்பக்கமும். அங்கே நீட்டலாம், பிடரிக்கும் தோள்பட்டைக்கும் பலம் சேர்க்க வேண்டும். ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலியுள்ள அலுவலகப் பெண்கள் 180 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. நீட்டலும் ஏரோபிக் பயிற்சியும் மட்டும் செய்தவர்கள் பின்தங்கினார்கள். டென்மார்க்கில் 198 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில் ஒரு பகுதியினரிடம், ரப்பர் பட்டையைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் ஒரே ஒரு பயிற்சியைப் பத்து வாரம் செய்யச் சொன்னார்கள். தினமும் பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கு மட்டுமல்ல, இரண்டே நிமிடம் செய்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

தாடையை உள்ளே இழுக்கும் பயிற்சியையும் கொடுத்தார். நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி உலகெங்கும் பரப்பியது அது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, பத்து தடவை. நம்மவர்கள் இதைக் கேட்ட மறுநாளே நாள் முழுக்கத் தாடையைத் தொண்டையில் ஒட்டிக்கொண்டு போலீஸ் அணிவகுப்புக்கு நிற்பவர்போல ஆகிவிடுகிறார்கள். பயிற்சி என்று கொடுத்ததை நிலை என்று எடுத்துக்கொள்கிறோம். முடியில் மாட்டிய வாரை இப்போது நாமே நம் கையில் பிடித்திருக்கிறோம்.

“அரை மணிக்கு ஒருக்கா எழுந்திருங்க ஐயா” என்றார் அந்தப் பெண் கடைசியாக.

“மே மாசக் கடைசில வந்து இதச் சொல்லும்மா” என்றார் அவர். பள்ளிக்கூடம் திறக்கும்முன் சீருடை தைத்துக் கொடுத்தாக வேண்டும். உருப்படிக்குக் கூலி. எழுந்து நடக்கும் ஒவ்வொரு தடவையும் காஜா எடுக்கிற பையன் சும்மா உட்கார்ந்திருப்பான், அவனுக்கும் சம்பளம் உண்டு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரம் முழுக்க ஊழியர்கள் நின்றுகொண்டே இருக்கும்படி ஆகாமல் இருக்கை கொடுக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018லேயே கொண்டுவந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. உட்கார்ந்தே கிடக்கிறவர்கள் எழுந்திருப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. கால் சென்டரிலும் பனியன் கம்பெனியிலும் பாத்ரூம் போகும் நிமிடங்களை எண்ணும் மேற்பார்வையாளருக்குக் கீழே இருப்பவரிடம் “நிலையை மாற்றிக்கொண்டே இருங்கள்” என்று சொல்லும் பிசியோதெரபிஸ்டின் சங்கடம் எனக்குப் புரிகிறது. அவரால் எழுதிக் கொடுக்க முடிந்தது கழுத்துக்கு மட்டும்தான்.

ஆனால் அந்தப் பெண் இன்னொன்றும் எழுதினார். “கண்ணாடி எப்ப மாத்தினீங்க?” என்று கேட்டார். ஆறேழு வருடமாகியிருந்தது. ஊசி முனை தெரியாததால்தான் மூக்கு அதைத் தேடிப் போயிருக்கிறது. எத்தனை தடவை நிமிர்த்திவிட்டாலும் கண் மறுபடி இழுத்துக்கொண்டு போயிருக்கும். எதிர்க்கட்டிடத்திலேயே இருந்த கண் பிரிவுக்குச் சீட்டு கொடுத்தார், மிஷின் கால்களுக்குக் கீழே பலகை வைத்து உயர்த்தச் சொன்னார், ஊசிக்கு நேராக ஒரு விளக்கும் போடச் சொன்னார்.

தையற்காரர் மூன்றையும் செய்துவிட்டார். ரப்பர் பட்டைக்குப் பதிலாகக் கடையில் கிடந்த அகல எலாஸ்டிக்கை வெட்டி வைத்துக்கொண்டு, தொங்கும் பிளவுஸ்களுக்குப் பின்னால் நின்று கையை உயர்த்துகிறார். சீருடைக் காலத்தில் வலி வரத்தான் செய்தது, பழைய அளவுக்கு இல்லை என்கிறார். சலூனில் கழுத்தைத் தொடக்கூடாதென்று சொல்லிவிட்டார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் மட்டும் புதுக் கண்ணாடிக்கும் மசியவில்லை. அதனால் கோட்டு தைக்க வரும் வக்கீல்களிடம், பகலில்தான் அதைத் தொடுவேன், அவசரமென்றால் வேறு கடை பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.